தொண்ணூறும் ஒன்றரையும்

தாய்க்குக் கொள்ளி வைப்பதற்கென்று ஒருவன் றேடியோ வாங்கினான் என்றால் சிரிப்பீர்கள். வட்டக்கச்சிக் குடியேற்றத்தில் யோகலிங்கம் அதற்காகத்தான் வாங்கினான்.

தகப்பனுக்கு மூத்தவன், தாய்க்கு இளையவன் என்பது வழக்கம். துன்னாலையில் பிறந்த மூன்று பிள்ளைகளில் யோகலிங்கம் கடைக்குட்டி. வயலும் மேட்டுக்காணியும் கிடைக்கிறது என்று ஐம்பத்து நாலில் பெண்சாதி சிவனேஸ்வரியைக் கூட்டிக்கொண்டு வன்னிக்கு வந்தவன். வந்து நாலு வருஷத்தில் தகப்பன் செத்தார். தந்தி வந்த நேரம் நல்ல மாரி. தெருவை மறித்து ஓடிய வெள்ளம் வடிந்து, தந்திக்காரன் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தபோது துன்னாலையில் எரித்துச் சாம்பல் அள்ளிக் காடாற்றும் முடிந்துவிட்டது. தகப்பனின் முகத்தைக்கூட அவன் காணவில்லை. எட்டாம் நாள் எட்டுச் செலவுக்குப் போய் நின்றவனின் கையைத் தாய் பிடித்துக்கொண்டாள்.

“கொப்பருக்குக் கொண்ணன் இருந்தான், செய்தான். எனக்கு நீதான்ரா. நீ வந்து கொள்ளி வைச்சால்தான் இந்தக் கட்டை வேகும்.”

அந்தச் சொல் அவன் நெஞ்சில் ஏறிக் குந்திக்கொண்டது. பக்கத்தில் நின்ற அண்ணன் தவராசா சும்மா இருந்திருக்கலாம். அவர் வாத்தியார், சும்மா இருக்க அவருக்குத் தெரியாது. “அவன் காடுவெட்டி அம்மா. காட்டுக்குள்ளை சேதி போய்ச் சேர நீங்கள் ஒரு கிழமை முந்தியே சாகவேணும்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள், தாயும் சிரித்தாள். யோகலிங்கத்துக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

அந்தக் காலத்தில் பின்னேரச் செய்தி முடிய வானொலியில் மரண அறிவித்தல் வாசிப்பார்கள். செத்தவர் யார், யாரைப் பெற்றவர், பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள், எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று எல்லாம் வரும். கொழும்பில் வாசிக்கிற அதே நேரம் வன்னியில் கேட்கும். எந்த வெள்ளமும் அதை மறிக்காது. இதை யோசித்து யோசித்துத்தான் அவன் பாறூக் நானாவிடம் ஒரு பெட்டிக்குச் சொல்லிவைத்தான். 

பாறூக் முல்லைத்தீவு ஆள். சாரமும் சீத்தைத் துணியும் சைக்கிளில் கட்டிக்கொண்டு குடியேற்றம் குடியேற்றமாய்த் திரிகிறவர். பெற்றோல்மாக்ஸ், ரோச்லைட், தையல்மெசின், எதைக் கொடுத்தாலும் கழற்றிப் பார்க்காமல் விடமாட்டார். மாற்றலாகிப் போன ஒரு ஆஸ்பத்திரி அப்போதிக்கரிடம் பழைய பெட்டி ஒன்றைப் பிடித்து, சைக்கிளில் வைத்துக் கட்டி, குழந்தையை உருட்டுவது போல உருட்டிக்கொண்டு வந்து சேர்த்தார். மின்சாரம் இல்லாத ஊருக்கென்று செய்த பெட்டி அது. உள்ளே நாலு கண்ணாடிக் குமிழ். பின்னால் செங்கல் அளவில் ஒரு பற்றரி.

“இந்தப் பற்றரிக்கு ரெண்டு வாய் தம்பி,” என்று பாறூக் காட்டினார். “குமிழ் சூடேறி நிக்க ஒண்டரை வோல்ற் காணும். சத்தம் வெளியிலை வாறதுக்குத் தொண்ணூறு வேணும். ரெண்டும் இதுக்குள்ளைதான். ஒரு வாயாலை பாலுக்கஞ்சி, மற்ற வாயாலை கள்ளுக் குடம்.”

கொம்பனிப் பற்றரி இரண்டு போகம் ஓடியது. அறுபத்திரண்டாம் ஆண்டு பங்குனியில் செத்தது. அதோடு பிடித்தது சனி.

“கப்பலிலை வாற சாமானுக்கெல்லாம் அரசாங்கம் கடிவாளம் போட்டிட்டுது,” என்றார் பாறூக். “வவுனியாவிலையும் இல்லை, யாழ்ப்பாணத்திலையும் இல்லை. நான் கேக்காத கடை இல்லை.”

ஆனியில் அக்கா நேசமலரின் கடிதம் வந்தது. அம்மா படுத்துவிட்டா, இனி எழும்பமாட்டா என்று எழுதியிருந்தாள். யோகலிங்கம் அன்றைக்கே ஓடினான். ஒரு கிழமை தாயின் கட்டிலடியில் இருந்தான். சாவு வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. வன்னியில் வாய்க்கால் தண்ணீருக்கு நாள் குறித்திருந்தது. “போ ராசா, வயலைப் பார். சேதி சொல்லி அனுப்புவினம், வா” என்று தாயே அவனை அனுப்பினாள். வருகிற வழி முழுக்கத் தந்திக்காரனும் வெள்ளமும் அவன் கண்ணுக்குள் நின்றார்கள்.

வந்த அன்றே செத்த பற்றரியை எடுத்து முற்றத்தில் போட்டுக் கத்தியால் வகுந்தான். பாறூக் பக்கத்தில் குந்தியிருந்தார். உள்ளே பெரிய அதிசயம் ஒன்றும் இல்லை. விசுக்கோத்து அடுக்கின மாதிரி அறுபது சின்னப் பற்றரிகள், ஒன்றின் முதுகில் மற்றது.

“ஒண்டரை ஒண்டரையாய் அறுபது தரம் கூட்டிப் பார்,” என்றார் பாறூக்.

“தொண்ணூறு.”

“அவ்வளவுதான் வித்தை.”

வித்தை தெரிந்துவிட்டது, அறுபது ரோச்லைட் பற்றரிக்கு எங்கே போவது? சங்கக்கடையில் ஒரு வீட்டுக்கு மாதம் இரண்டு கிடைத்தால் பெரிய காரியம். அதுவும் பன்றிக் காவலுக்கும் யானை வெருட்டவும் காணாது. அதனால் வன்னியில் ஒருவரும் செத்த பற்றரியை எறிவதில்லை. வெளிச்சம் மங்கினால் சுளகில் பரப்பி நெல்லோடு வெயிலில் காயவிடுவார்கள். இன்னும் இரண்டு இரவு எரியும். பிறகும் எறியமாட்டார்கள். கூரைக்குள் செருகி வைத்துவிட்டு மறந்துபோவார்கள். யோகலிங்கத்தின் கண் அந்தக் கூரைகளில் விழுந்தது.

பாறூக் தலையைச் சொறிந்து யோசித்தார். “ஒண்டரைக்குப் புதுப் பற்றரிதான் வேணும், அந்தப் பக்கம் தீனி கூட. ஆனால் தொண்ணூறுப் பக்கம் இழுக்கிறது மிச்சம் சொற்பம். ரோச்சுக்குச் செத்தது இதுக்குச் சாகேல்லை. அறுபதுக்குப் பதிலாய் எண்பதாய்ப் போட்டால் ஏறும்.”

எண்பது செத்த பற்றரி. யோகலிங்கம் பனையோலை உமல் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வளவு வளவாய் ஏறினான். பிச்சை எடுக்கிறவனுக்குக்கூட இவ்வளவு கேள்வி இல்லை. அடுத்த காணி அப்புத்துரை ஒன்பது வைத்திருந்தார், ஒன்பதையும் கொடுத்தார், சும்மா கொடுக்கவில்லை.

“பற்றரி தாறன். ஆனால் பாட்டுக் கேக்க வருவன். குடும்பத்தோடை வருவன்.”

“வாருங்கோ அண்ணை. அம்மான்ர அலுவல் முடியுமட்டும் அறிவித்தல்தான் முக்கியம். மிச்ச நேரம் பாட்டு.”

சவர்க்காரம் வந்த மரக் கள்ளிப்பெட்டி ஒன்றைப் பிரித்துத் தட்டு அடித்தான். ஒரு வரிசைக்குப் பத்தாக எட்டு வரிசை. பால்பேணித் தகரத்தை நாடாவாய் வெட்டி வரிசைகளைத் தொடுத்தான். சிரட்டைக் கரியில் இரும்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி ஈயம் வைத்தான். கையில் ஏழு இடத்தில் சுட்டது. இன்னொரு மூலையில் புதுப் பற்றரி மூன்றைப் பக்கம் பக்கமாய் நிறுத்தி ஒன்றரைக்கு விட்டான். பெட்டியின் ஒரு தலைப்பில் இரண்டு ஆணி, அது தொண்ணூறு. மற்றத் தலைப்பில் இரண்டு ஆணி, அது ஒன்றரை. றேடியோவில் இருந்து வந்த வயர்களை அந்த ஆணிகளில் சுற்றவேண்டும்.

பாறூக் வந்து பார்த்தார். எல்லாம் பிடித்தது, ஆணி மட்டும் பிடிக்கவில்லை.

“கொம்பனிக்காரன் ரெண்டு வாய்க்கும் ரெண்டு விதமாய்த் துளை வைச்சவன். மாறிச் செருக ஏலாது. நீ நாலும் ஒரே ரெண்டங்குல ஆணி அடிச்சு வைச்சிருக்கிறாய். தொண்ணூறு போய் ஒண்டரையிலை ஏறிச்சுதோ, நாலு குமிழும் கண் மூடி முழிக்க முந்திப் போயிடும். ஒரு அடையாளமாவது வை.”

யோகலிங்கம் அடையாளம் வைத்தான். குங்குமத்தை வேப்பெண்ணெயில் குழைத்துத் தொண்ணூறு ஆணிகளுக்கு நடுவில் பலகையில் பெரிய பொட்டாக இட்டான். தொண்ணூறு வயரில் சிவப்பு நூல் கட்டினான். சிவப்புக்குச் சிவப்பு. குழந்தைப்பிள்ளையும் பிழை விடாது.

ஆவணி முதற்கிழமை ஒரு பின்னேரம் திருகினான். முதலில் இரைச்சல். பிறகு இரைச்சலுக்குள் இருந்து ஒரு மனிதக்குரல் எழுந்து நெல் விலையைப் பற்றிக் கதைத்தது. முற்றம் நிறைந்திருந்த சனம் ஆரவாரித்தது. அப்புத்துரை, “என்ர ஒன்பதும்தான் உதிலை பேசுது” என்றார். சிவனேஸ்வரி குசினி வாசலில் நின்று கண்ணைத் துடைத்தாள். யோகலிங்கத்துக்குத் தாயின் கையைப் பிடித்த மாதிரி இருந்தது. 

ஆனால் மனிதனுக்கு வெற்றி வந்தால் அதைச் சொல்லிக்காட்ட ஒரு ஆள் வேண்டும். யோகலிங்கத்துக்கு அந்த ஆள் துன்னாலையில் இருந்தார். அன்றிரவே கடிதம் எழுதினான். அக்காவுக்குத்தான் எழுதினான், ஆனால் அம்மாவுக்குக் கடிதம் வாசிக்கிறவர் தவராசா அண்ணன் என்பது அவனுக்குத் தெரியும்.

“செத்த பற்றரிகளை வைத்து நானே ஒரு பெரிய பற்றரி செய்திருக்கிறேன். றேடியோ மணிபோல் பேசுகிறது. அம்மாவுக்கு ஏதும் என்றால் தந்திக்கு அலையவேண்டாம், ஆள் அனுப்பவும் வேண்டாம். தந்தி எனக்குப் பிந்தித்தான் வரும். வானொலியில் கொடுத்தால் போதும். ஒரு நாளும் தவறாமல் நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். காடு வெட்டினவனுக்கும் கொஞ்சம் மூளை இருக்கிறது என்று அண்ணையிடம் சொல்லவும்.”

கிட்டத்தட்ட இரண்டு மாதம் எல்லாம் சரியாய்த்தான் நடந்தது. கிழமைக்கு ஒருக்கால் பற்றரிகளைக் கழற்றி வெயிலில் வைப்பான், திரும்ப அடுக்குவான். பின்னேரம் அறிவித்தல் கேட்பான். துன்னாலை இல்லை என்றால் பாட்டுத் திறப்பான்.

ஆயுத பூசை வந்தது. சிவனேஸ்வரி பக்திக்காரி. மண்வெட்டி, கொழு, கத்தி, சைக்கிள் என்று வீட்டில் இருந்த அத்தனையையும் கழுவிச் சாமிப் படத்தின் முன்னால் அடுக்கினாள். இந்த வருஷம் அந்த வீட்டில் பெரிய ஆயுதம் கள்ளிப்பெட்டிதானே. அவன் வயர்களைக் கழற்றிவிட்டுக் குளிக்கப் போயிருந்தான். அவள் பெட்டியைத் தூக்கி நடுவில் வைத்து, பலகை முழுக்க மூன்று குறி திருநீறு இழுத்து, சந்தனம் தொட்டு, குங்குமம் வைத்தாள். ஒரு தலைப்பில் ஏற்கெனவே பொட்டு இருந்தது. மற்றத் தலைப்பு மூளியாய் இருந்தது. சுபகாரியத்தில் மூளியாய் விடலாமா? அதற்கும் ஒரு பெரிய பொட்டு வைத்தாள்.

பூசை முடிந்தது. அவல் கொடுத்தாயிற்று. அப்புத்துரையும் வீட்டாரும் பாய் விரித்து இருந்தாயிற்று. “என்ன தம்பி, பெட்டியைத் திறவும்” என்று குரல் வந்தது. யோகலிங்கம் சந்தோசத்தில் இருந்தான். பெட்டியைத் தூக்கி றேடியோவுக்குப் பின்னால் வைத்தான். எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்க்கவில்லை. ஏன் பார்க்கவேண்டும்? கைக்குக் கிட்டவாகச் சிவப்புப் பொட்டு இருந்தது. சிவப்பு நூல் வயரை அங்கே சுற்றினான். மற்ற வயரை மற்றப் பக்கம் சுற்றினான். திருகினான்.

நாலு குமிழும் ஒரு தரம் வெள்ளையாய் மின்னின. அவ்வளவுதான். சத்தம் இல்லை, புகை இல்லை. றேடியோவின் முதுகுப்பக்கம் நின்றவன் அவன் மட்டும். அவன் மட்டும் கண்டான்.

குனிந்து பார்த்தான். அந்தத் தலைப்பிலும் பொட்டு, இந்தத் தலைப்பிலும் பொட்டு. அந்தப் பக்கம் சிவனேஸ்வரி கடைசி அவலைக் கிள்ளிக் கிள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். எட்டு வருஷத்தில் அந்தக் காட்டில் அவள் அப்படிச் சிரித்ததை அவன் எண்ணிச் சொல்லலாம்.

“பற்றரி இறங்கிப் போச்சு,” என்றான். “காயவைக்கவேணும். போயிட்டு வாருங்கோ.”

அது கெட்ட பொய் இல்லை. பெண்சாதியின் முகம் வாடக்கூடாது என்று சொன்ன பொய். ஆனால் பொய் விருந்தாளி மாதிரி. முதல் நாள் நல்லாய்த்தான் இருக்கும். போகமாட்டேன் என்று குந்திவிட்டால் வீட்டுக்காரன்தான் வெளியே நிற்கவேண்டும்.

அடுத்த நாள் பின்னேரம் சிவனேஸ்வரி கேட்டாள்: “அறிவித்தலுக்கு நேரமாச்சு, திறக்கேல்லையே?”

“ஊருக்கெல்லாம் பாட்டுப் போட்டால் பற்றரி நிக்காது. இனி அறிவித்தல் மட்டும்தான். அதுவும் மெல்லமாய் வைச்சு, காதைக் குடுத்துக் கேக்கப்போறன். நீர் சனத்துக்குச் சொல்லும்.”

அவள் சொன்னாள். சனம் முணுமுணுத்தது, அப்புத்துரை தன்னுடைய ஒன்பதைப் பற்றி ஏதோ சொன்னார். யோகலிங்கம் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு செத்த பெட்டிக்கு முன்னால் பத்து நிமிஷம் இருந்தான். வெளியே வந்தான்.

“ஒண்டுமில்லை,” என்றான்.

பாறூக்கிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் அடையாளம் வை என்று படித்துப் படித்துச் சொன்ன மனிதரிடம் எந்த முகத்தோடு போவது? விதைநெல் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு நாலு குமிழையும் பஞ்சில் சுற்றிக்கொண்டு வவுனியாவுக்குப் போனான். அங்கே றேடியோ திருத்துகிற ஒருவர் குமிழ்களை ஒவ்வொன்றாய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“நாலும் ஒண்டாய்ப் போயிருக்கு. தொண்ணூறைக் கொண்டுபோய் ஒண்டரையிலை குடுத்தனீரோ?”

“மாறிப்போச்சு.”

“உந்த வகைக் குமிழ் இப்ப இல்லை. கொழும்புக்கு எழுதிப் பாக்கிறன். தீபாவளி கழிய வந்து பாரும்.”

தீபாவளிக்கு இரண்டு கிழமைக்கு மேல் இருந்தது. திரும்பி வரும்போது ஒரு தபாலட்டை வாங்கினான். பஸ்ஸில் இருந்தே எழுதினான். “அக்கா, றேடியோ பழுதாகிவிட்டது. ஏதும் என்றால் தந்தி அடிக்கவும்.” எழுதினது அவ்வளவுதான். எழுதி முடித்ததும் அதை அண்ணன் வாசிக்கிற குரல் காதில் கேட்டது. ‘காடுவெட்டியின்ரை றேடியோ படுத்திட்டுதாம் அம்மா.’ தாயும் சிரிப்பாள். அக்காவும் சிரிப்பாள். குமிழ் வந்துவிட்டால் இந்த அட்டைக்கே தேவை இல்லை. இத்தனை மாதம் இருந்த அம்மா இன்னும் இரண்டு கிழமை இருக்கமாட்டாவா? அட்டையைச் சட்டைப் பைக்குள் வைத்தான். வீட்டில் தேயிலைப் பேணிக்கு அடியில் வைத்தான். ஒவ்வொரு காலையும் பேணியைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தான். கெடுகுடி சொற்கேளாது என்பார்கள். இவனுக்குச் சொல்ல ஒருவரும் இல்லை. இவனே இவனுக்குச் சொல்லி இவனே கேட்கவில்லை.

ஆயுத பூசை கழிந்து பதினாறாம் நாள் பின்னேரம் நல்ல மழை. கிடுகுக் கூரையில் அடித்த அடியில் பக்கத்தில் நின்று கூப்பிட்டாலும் கேட்காது. நேரம் தவறாமல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான். வழக்கம்போல இருந்தான். நூறு வரைக்கும் எண்ணினான். பிறகு கிழக்கு வரம்பு உடையுமோ என்று யோசித்தான். பிறகு இன்னொரு நூறு எண்ணினான். காலில் ஏறிய எறும்பைத் தட்டிவிட்டு எழும்பினான்.

“இண்டைக்கும் ஒண்டுமில்லை,” என்றான். “அம்மா சுகமாய்த்தான் இருக்கிறா.”

சிவனேஸ்வரி சாமிப் படத்தைப் பார்த்துக் கையெடுத்துவிட்டு அவனுக்குச் சோறு போட்டாள். அவன் இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டான்.

அதற்கடுத்த நாளும் அப்படித்தான் போனது. மூன்றாம் நாள் காலையில் உடைந்த வரம்பைக் கட்டிக்கொண்டு நின்றான். வாய்க்கால் தெருவால் பாறூக் சைக்கிளில் வந்தார். இவனைக் கண்டதும் சைக்கிள் தன்பாட்டில் நின்றது. கால் ஊன்றியபடி அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

“என்ன நானா, ஆளைக் கண்டு கனகாலம்.”

“யோகலிங்கம்… நீ போகேல்லையே?”

“எங்கை?”

பாறூக் சைக்கிளைத் தெருவில் அப்படியே விழ விட்டார். சீத்தைக் கட்டுச் சேற்றில் விழுந்தது. அதைத் திரும்பிப் பாராமல் வரம்பில் இறங்கி வந்து அவனுடைய இரண்டு கையையும் பிடித்தார்.

“முந்தாநாள் பின்னேரம் வாசிச்சவங்கள். கிளிநொச்சியிலை தேத்தண்ணிக் கடையிலை என்ர காதாலை கேட்டன். துன்னாலை, உன்ர கொண்ணன்ரை பேர், கொக்காவின்ரை பேர், வட்டக்கச்சி யோகலிங்கம் எண்டு உன்ர பேர். நேற்றுப் பின்னேரம் மூண்டு மணிக்கு எடுக்கிறது எண்டு. சைக்கிளை எடுத்து வெளிக்கிட்டிட்டன் தம்பி, அல்லாவறிய, உனக்கு வந்து சொல்லுவமெண்டு பாலத்தடி மட்டும் வந்தனான். பிறகு நினைச்சன், அவன்ர வீட்டிலை றேடியோ இருக்கு, அவன் எனக்கு முந்திக் கேட்டு இந்நேரம் ரெயில் ஏறியிருப்பான் எண்டு. திரும்பிப் போயிட்டன்.”

யோகலிங்கம் மண்வெட்டியைப் பிடித்தபடி நின்றான். முந்தாநாள் பின்னேரம் தான் எண்ணின இரண்டு நூறும் அவனுக்கு நினைவு வந்தன. இரண்டாம் தரம் வாங்கித் தின்ற சோறு நினைவு வந்தது. அப்படியே சேற்றில் இருந்துவிட்டான்.

பாறூக்கின் சத்தம் கேட்டு ஓடிவந்த சிவனேஸ்வரி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அழுகைக்கு நடுவில், “நீங்கள் அண்டைக்குக் கேட்டனீங்கள்தானே? எனக்கு ஒண்டுமில்லை எண்டெல்லே சொன்னனீங்கள்?” என்றாள்.

“மழைக்கு விளங்கேல்லை,” என்றான் அவன். அந்த நேரத்திலும் வாய் அதைத்தான் சொன்னது.

கொடிகாமத்தில் ரெயிலால் இறங்கி, பஸ் பிடித்து, அவர்கள் துன்னாலைக்குப் போய்ச் சேரப் பொழுது சாய்ந்துவிட்டது. முற்றத்துப் பந்தல் இன்னும் நின்றது. அடியில் மிதிபட்ட பூவும் நெற்பொரியும் கிடந்தன. காலையிலேயே காடாற்றியாயிற்று, இரண்டாம் தரமும் அவன் அதற்குப் பிந்தித்தான் வந்தான். தாய் படுத்திருந்த இடத்தில் ஒரு விளக்கு எரிந்தது. அதன் பக்கத்தில் வழித்த தலையோடு தவராசா அண்ணன் நிலத்தில் இருந்தார். அவர்தான் கொள்ளி வைத்திருக்கிறார் என்று சொல்ல ஒருவரும் தேவைப்படவில்லை.

நேசமலர் அக்கா எழும்பி வந்தாள். அவளுக்குக் கோபமும் இல்லை, அழுது முடிந்து தொண்டையும் இல்லை.

“வந்திட்டியே தம்பி. மூண்டு மணிக்கு எடுக்கிறதெண்டு குடுத்தது. அண்ணை விடேல்லை. ‘அவன் கேட்டவன், வந்துகொண்டிருக்கிறான், ஒருத்தரும் பிரேதப் பெட்டியிலை கை வைக்கக்கூடாது’ எண்டு வாசலிலை போய் நிண்டிட்டார். நாலாச்சு, அஞ்சாச்சு. சனம் ஆளுக்கொரு கதை கதைச்சுது. வராத பிள்ளைக்கு என்ன காவல் எண்டு ஒராள் கேட்டதுக்கு அண்ணை அந்தாளை அடிக்கப் போயிட்டார். இருட்டுப்பட்டால் எரிக்க ஏலாது எண்டு குருக்கள் சொன்ன பிறகுதான், தம்பி, அண்ணை கொள்ளிக்குடத்தைத் தோளிலை வாங்கினவர்.”

யோகலிங்கம் அண்ணனைப் பார்த்தான். எந்த மனிதன் சிரிப்பார் என்று பயந்து இத்தனை நாள் ஒரு அட்டையைப் பேணிக்கு அடியில் வைத்திருந்தானோ, அந்த மனிதன் குனிந்த தலை நிமிராமல் இருந்தார்.

அக்கா இடுப்பில் செருகியிருந்த கடதாசி ஒன்றை எடுத்தாள். மடிப்பில் மடிப்பில் கிழிந்து போயிருந்தது. அவனுடைய கடிதம்.

“தலைமாட்டிலை வைச்சிருந்தவ. ஒவ்வொரு பின்னேரமும் அண்ணையைக் கூப்பிட்டு வாசிப்பிச்சுக் கேக்கிறது. நான் கடைசி நேரத்திலை, தந்தியும் ஒண்டு அடிப்பம் எண்டனான். அம்மாதான் வேண்டாமெண்டவ. ‘அவன் பெட்டிக்கு முன்னாலை குந்தியிருப்பான், அவன் கேப்பான்’ எண்டு சொல்லிப்போட்டுத்தான் கண்ணை மூடினவ. ஏன் தம்பி, அண்டைக்கு நீ கேக்கேல்லையே?”

மழை என்று சொல்ல வாய் திறந்தான். அந்த விளக்குக்கு முன்னால் அது வரவில்லை.

“றேடியோ எரிஞ்சு போச்சு அக்கா.”

“எப்ப?”

“ஆயுத பூசைக்கு.”

அக்கா கடிதத்தைத் திரும்ப மடித்தாள். “பதினாறு நாள். ஒரு தபாலட்டை, தம்பி. ஒரு தபாலட்டை போட உனக்குக் கை வரேல்லையே?”

அவனுக்குப் பின்னால் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்த சிவனேஸ்வரி அழுகையை நிறுத்தினாள். ஆயுத பூசை என்ற சொல்லில்தான் நிறுத்தினாள். அவிழ்ந்த கூந்தலோடு மெல்ல எழும்பி அவனுக்கு முன்னால் வந்து நின்று, அவனை முதன்முதலாகக் காண்கிறவள் போலப் பார்த்தாள்.

“அப்ப ஒவ்வொரு நாளும் கதவைச் சாத்திக்கொண்டு அந்த அறைக்குள்ளை என்னத்தைக் கேட்டனீங்கள்?”

தவராசா அண்ணன் எழும்பி, “விடுங்கோ, அவன் பசியோடை வந்திருப்பான்” என்று சொல்லி, ஒரு செம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து தம்பியிடம் நீட்டினார். வாங்குவதற்கு யோகலிங்கத்தின் கை எழும்பவில்லை.